மோட்டார் சைக்கிளில் கேமரா ட்ரோன்: பழுதின்றி வயலுக்கு எடுத்துச் செல்லும் முறைகள்

நெல் வயலில் புகையான் தாக்குதல் வட்ட வட்டமான திட்டுகளாகத் தோன்றும். வரப்பின் மேல் நின்று பார்ப்பவருக்கு வயலின் நடுவே காய்ந்து வரும் திட்டு எளிதில் புலப்படுவதில்லை. தென்னந்தோப்பிலும் இதே நிலைதான். காண்டாமிருக வண்டு தாக்கிய குருத்தைத் தரையிலிருந்து அண்ணாந்து பார்த்து மரத்துக்கு மரம் கணக்கெடுப்பது கடினம். கேமரா பொருத்திய சிறு ட்ரோன் இக்குறையைப் போக்குகிறது. மேலிருந்து எடுத்த படத்தில் திட்டு எங்கே உள்ளது என்று தெரிந்தால், நேராக அங்கே இறங்கித் தூர்களை விலக்கிப் பூச்சியைப் பார்த்து, தேவையான இடத்தில் மட்டும் மருந்து தெளிக்கலாம்.

இப்பணியைச் செய்யும் கிராமத்து இளைஞர்கள் பெரும்பாலும் மோட்டார் சைக்கிளிலேயே ஊர் ஊராகச் செல்கின்றனர். ட்ரோனைப் பறக்கவிடக் கற்றுக்கொள்வதில் காட்டும் அக்கறையை அதை எடுத்துச் செல்லும் முறையில் பலர் காட்டுவதில்லை. கீறல் விழுந்த இறக்கை, தளர்ந்த திருகாணி, சூடேறிய பேட்டரி ஆகிய மூன்றும் சாலையில் உண்டாகி வானில் வெளிப்படும் குறைகள். அவை வெளிப்படும் நேரத்தில் கீழே நடவு நடுவோரோ களை பறிப்போரோ இருக்கலாம். ஆகவே பறத்தலின் பாதுகாப்பு வீட்டு வாசலில் வண்டியைக் கிளப்பும்போதே தொடங்குகிறது என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.

எந்த ட்ரோனை எடுத்துச் செல்லலாம்?

2021 ஆகஸ்டு 25 அன்று அறிவிக்கப்பட்ட ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரை எடையுள்ளவை நானோ வகை. 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை உள்ளவை மைக்ரோ வகை. 2 கிலோவுக்கு மேல் 25 கிலோ வரை உள்ளவை சிறிய வகை. கைகள் மடங்கும் கேமரா ட்ரோன்கள் பெரும்பாலும் முதல் இரண்டு வகைகளில் அடங்கும். இவற்றை இரு சக்கர வண்டியில் எடுத்துச் செல்லலாம். மருந்து தெளிக்கும் பெரிய ட்ரோன் இதற்கு ஏற்றதன்று. அதன் எடையும் அகலமும் வண்டியின் சமநிலையைக் கெடுக்கும். அதற்குச் சரக்கு வண்டிதான் தேவை.

பதிவு எண் பெற்ற ட்ரோனையே எடுத்துச் செல்ல வேண்டும். மைக்ரோ வகையைக் கூலிக்குப் பறக்கவிடுவோர் அதற்குரிய விமானிச் சான்றிதழும் பெற்றிருக்க வேண்டும். இவற்றின் நகல்களைக் கைவசம் வைத்திருப்பது நல்லது.

அதிர்வு செய்யும் கேடு

வண்டி கீழே விழுந்தால் ட்ரோன் உடையும் என்பது அனைவருக்கும் தெரியும். வண்டி விழாமலே உண்டாகும் சேதம்தான் கண்ணுக்குத் தெரிவதில்லை. நம் சாலைகளில் ஓடும் 100, 125 சி.சி. வண்டிகள் பெரும்பாலும் ஒற்றை சிலிண்டர் எஞ்சின் கொண்டவை. அத்தகைய எஞ்சின் நிமிடத்துக்கு 4,200 முறை சுழலும்போது நொடிக்கு 70 அதிர்வுகள் எழுகின்றன. அரை மணி நேரப் பயணத்தில் இது 1,26,000 அதிர்வுகள் ஆகும். பள்ளம் மேடுகளில் ஏற்படும் குலுக்கல் இதற்கு மேல்.

ட்ரோனில் இதனால் முதலில் பாதிக்கப்படக்கூடியது கேமராவைத் தாங்கும் கிம்பல் என்னும் பகுதி. ட்ரோன் சாய்ந்தாலும் கேமரா சாயாமல் நிற்பதற்காக மிகச் சிறிய மோட்டார்களும் மெல்லிய ரப்பர் தாங்கிகளும் அதில் அமைந்துள்ளன. இவை கெட்டால் படம் கலங்கும். வயலின் முழு வரைபடம் தயாரிக்க, அடுத்தடுத்த படங்கள் ஒன்றன் மேல் ஒன்று 70 முதல் 80 சதவீதம் வரை படியும்படி எடுப்பது வழக்கம். கலங்கிய படங்களைச் சரியாக இணைக்க முடியாது. அன்றைய உழைப்பு முழுவதும் வீணாகும்.

கைபேசிக்கும் இது பொருந்தும். அதிக ஆற்றல் கொண்ட மோட்டார் சைக்கிள்களின் அதிர்வு கைபேசிக் கேமராவின் செயல்பாட்டைக் குறைக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021 செப்டம்பரில் எச்சரித்தது. ட்ரோனை இயக்கப் பயன்படும் கைபேசியை வழி பார்ப்பதற்காக ஹேண்டில்பாரில் பொருத்துவதைத் தவிர்ப்பது நல்லது.

முதுகுப் பையா, கேரியர் பெட்டியா?

மைக்ரோ வகை வரையிலான ட்ரோனுக்கு முதுகுப் பையே மேலானது. ஓட்டுபவரின் உடல் அதிர்வின் பெரும் பகுதியை வாங்கிக்கொள்வதால் பைக்குள் உள்ள கருவிக்கு அது குறைவாகவே சென்று சேரும். ஆனால் ஒரு எச்சரிக்கை தேவை. வண்டி சறுக்கி ஓட்டுபவர் மல்லாந்து விழுந்தால் பையில் உள்ள கடினமான பொருள் முதுகெலும்பில் குத்தும். எனவே ஸ்குரூ டிரைவர், இரும்புத் தாங்கி போன்றவற்றை முதுகுப் பையில் வைக்கக் கூடாது. முதுகை ஒட்டிய பக்கத்தில் தடித்த மெத்தை இருக்க வேண்டும். மார்புப் பட்டையையும் மாட்டிக்கொண்டால் பை பக்கவாட்டில் ஆடாது.

கேரியரில் பெட்டி வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் கீழ்க்கண்டவற்றைக் கவனிக்க வேண்டும்.

1. பெட்டியின் உட்புறம் எல்லாப் பக்கமும் ஏறத்தாழ 5 செ.மீ. கனத்துக்கு ஃபோம் மெத்தை அமைக்க வேண்டும். மிக மிருதுவான ஃபோம் அமுங்கிப் போய் ட்ரோன் அடியில் தட்டும். மிகக் கடினமானது அதிர்வை அப்படியே கடத்தும். வெளிப்புறம் சற்றுக் கெட்டியானதும் உட்புறம் மிருதுவானதுமாக இரண்டு அடுக்கு வைப்பது சிறந்தது.

2. ட்ரோன், ரிமோட் ஒவ்வொன்றுக்கும் அதனதன் வடிவில் குழி வெட்ட வேண்டும். ஒன்றோடொன்று உரசக் கூடாது.

3. தெர்மோகோல், வைக்கோல், தவிடு ஆகியவற்றைத் திணிக்கக் கூடாது. உதிரும் துகள் மோட்டாருக்குள் புகும்.

4. ஸ்பேனர், ஆணி வைக்கும் பெட்டியில் ட்ரோனை வைக்கக் கூடாது. ட்ரோன் மோட்டாருக்குள் வலிமையான காந்தங்கள் உள்ளன. இரும்புத் துகள் அவற்றில் ஒட்டிக்கொண்டால் எளிதில் வெளியே வராது.

5. பெட்டியைச் சைக்கிள் ட்யூப் பட்டையால் மட்டும் கட்டினால் அது ஆடிக்கொண்டே வரும். இழுத்துப் பூட்டும் நைலான் பட்டை இரண்டைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, தொங்கும் நுனிகள் சங்கிலியிலும் சக்கரத்திலும் சிக்காதவாறு முடிச்சிட வேண்டும்.

பெட்டி சரியாக அமைந்துள்ளதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. பெட்டியை மூடிக் கையால் மெதுவாகக் குலுக்கிப் பார்க்க வேண்டும். உள்ளிருந்து சிறு ஓசை கேட்டாலும் மெத்தை போதவில்லை என்று பொருள்.

பெட்ரோல் டேங்கின் மேல் வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓட்டுவதும், ஸ்கூட்டரின் முன் கொக்கியில் பையைத் தொங்கவிடுவதும் அறவே கூடாது. பின்னால் அமர்பவர் பெட்டியை மடியில் வைத்து இரு கைகளாலும் பிடித்துக்கொள்வதும் ஆபத்தானதே. வண்டி திடீரென நின்றால் அவருக்குப் பிடிமானம் இருக்காது.

கட்டும்போது கவனிக்க வேண்டியவை

ட்ரோனின் மின் இணைப்பை முற்றிலும் நிறுத்திய பிறகே பையில் வைக்க வேண்டும். கிம்பலுக்கென்று கொடுக்கப்பட்ட காப்பு மூடியைத் தவறாமல் மாட்ட வேண்டும். மூடி தொலைந்துபோனால் அந்தந்த மாடலுக்கு உரியதையே வாங்க வேண்டும்; நூலால் கட்டி வைப்பது கிம்பலைத் திருகிவிடும். மடங்கும் கைகளைக் கையேட்டில் கூறியுள்ள வரிசைப்படி மடக்க வேண்டும். மடங்காத ட்ரோனாக இருந்தால் இறக்கைகளைக் கழற்றித் தட்டையான உறையில் தனியே வைக்க வேண்டும். வலமாகச் சுழலும் இறக்கையும் இடமாகச் சுழலும் இறக்கையும் வெவ்வேறானவை. அவற்றை இரு உறைகளில் வைத்தால் வயலில் குழப்பம் நேராது.

பேட்டரிக்குத் தனி இடம்

ட்ரோன்களில் உள்ள லித்தியம் பேட்டரி சிறிய உருவில் மிகுந்த ஆற்றலை அடக்கி வைத்திருப்பது. நசுங்கினாலோ, துளைபட்டாலோ, மிகச் சூடானாலோ, இரு முனைகளும் உலோகத்தால் இணைந்தாலோ அது தீப்பற்றக்கூடும். ஒருமுறை பற்றினால் தனக்குத்தானே சூடேறிக்கொண்டு எரியும். எனவே உபரிப் பேட்டரிகளைத் தீ தாங்கும் உறையில் இட்டு, ட்ரோனிலிருந்து பிரித்துத் தனிப் பையில் கொண்டு செல்வது முறை. சாவிக்கொத்து, சில்லறைக் காசு ஆகியவை அதே பையில் இருக்கக் கூடாது. முனைகள் வெளியே தெரிந்தால் மூடி போட வேண்டும்.

பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் சைலன்சர் வலப்புறம் உள்ளது. ஆகவே பேட்டரிப் பையை இடப்புறத்தில், சேலை சிக்காமல் இருப்பதற்காகப் பொருத்தியுள்ள கம்பித் தடுப்பை ஒட்டி, சக்கரத்தில் படாமல் கட்டுவது ஏற்றது. ஸ்கூட்டரின் இருக்கைக்கு அடியில் உள்ள அறை எஞ்சின் வெப்பத்தால் சூடாகும். அங்கே பேட்டரி வைக்கக் கூடாது.

பல சிறு ட்ரோன்களுக்கு 40 டிகிரி செல்சியஸே உச்ச வெப்ப வரம்பாகக் கையேட்டில் குறிக்கப்பட்டுள்ளது. கத்திரி வெயில் நாட்களில் வேலூர், கரூர், திருச்சி போன்ற இடங்களில் காற்றின் வெப்பமே இந்த அளவைத் தாண்டுவதுண்டு. வெயிலில் நிறுத்திய வண்டியின் பெட்டிக்குள் அது மேலும் கூடும். கோடையில் அதிகாலையிலேயே புறப்பட்டு, வழியில் நிறுத்தும்போது நிழலில் நிறுத்த வேண்டும்.

முழு மின்னேற்றம் செய்வதைப் பறக்கவிடும் நாளுக்கு முந்திய இரவோ அன்று காலையோ வைத்துக்கொள்ளலாம். சில நாட்கள் வேலை இல்லை என்றால் 40 முதல் 60 சதவீத அளவில் வைத்திருப்பது பேட்டரியின் ஆயுளை நீட்டிக்கும். உப்பிய பேட்டரியை எந்தக் காரணம் கொண்டும் பயன்படுத்தக் கூடாது; குத்தவோ குப்பையில் போடவோ கூடாது. மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும்.

பயணத்தின்போது பையிலிருந்து புகையோ இனிப்பான ரசாயன நெடியோ வந்தால் உடனே வண்டியை ஓரமாக நிறுத்திப் பையைத் திறந்த வெளியில் போட்டுவிட்டு விலகிச் செல்ல வேண்டும். ட்ரோனைக் காப்பாற்றப் பைக்குள் கை விடுவது கூடாது. புகையைச் சுவாசிக்காமல், தொலைவில் நின்று ஏராளமாகத் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கலாம். வைக்கோல் போர், காய்ந்த கரும்புத் தோகை அருகில் இருந்தால் பையைப் போட அந்த இடத்தைத் தவிர்க்க வேண்டும். தீயணைப்பு நிலையத்துக்கு 101 எண்ணில் தகவல் தரலாம்.

சாலையில்

ஓட்டுபவர் தலைக்கவசம் அணிய வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. டயரில் காற்று அளவுக்கு மீறி இருந்தால் குலுக்கல் கூடும். நிறுவனம் குறித்துள்ள அளவே போதும். வேகத்தடைகளில் மெதுவாக ஏறி இறங்க வேண்டும். வாய்க்கால் கரையிலும் வரப்பிலும் வண்டியை உருட்டிச் சாகசம் செய்வதை விட, நிறுத்திவிட்டுப் பையுடன் நடந்து செல்வதே மேல்.

மழைக் காலத்தில் பைக்கு நீர் புகாத உறை மாட்ட வேண்டும். பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இரண்டு இருப்பது நல்லது. நனைந்த ட்ரோனை ஈரத்துடன் பெட்டியில் அடைத்துத் திரும்பக் கூடாது. முதலில் பேட்டரியைக் கழற்றிவிட்டு, மென்மையான துணியால் துடைத்து, நிழலில் உலர்த்த வேண்டும்.

வயலை அடைந்ததும் பத்து நிமிடம்

வயலுக்குப் போய்ச் சேர்ந்ததும் அவசரப்பட்டுப் பறக்கவிடக் கூடாது. கீழ்க்கண்ட வரிசையில் சோதிக்க வேண்டும்.

முதலில் பையை நிழலில் வைத்துப் பேட்டரியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால் ஆறும் வரை பொறுக்க வேண்டும். இரண்டாவதாக, ஒவ்வொரு இறக்கையின் விளிம்பிலும் நகத்தை ஓட்டிக் கீறல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கீறல் உள்ள இறக்கையை ஒட்டிப் பயன்படுத்தாமல் மாற்றிவிட வேண்டும். மூன்றாவதாக, கைகளின் மூட்டும் திருகாணிகளும் இறுக்கமாக உள்ளனவா என்று பார்க்க வேண்டும். நான்காவதாக, மின் இணைப்புக் கொடுப்பதற்கு முன்பே கிம்பல் மூடியைக் கழற்ற வேண்டும். மூடியுடன் இயக்கினால் அதன் மோட்டார் திணறிக் கெடும். ஐந்தாவதாக, மோட்டார் சைக்கிள், பம்புசெட், இரும்பு வேலி ஆகியவற்றிலிருந்து நன்கு விலகி ட்ரோனை வைக்க வேண்டும். இரும்பின் அருகில் அதன் திசைகாட்டி தடுமாறும். திசைகாட்டியைச் சரிசெய்யும்படி திரையில் அறிவிப்பு வந்தால் அதைத் தள்ளிவிடாமல் செய்து முடிக்க வேண்டும்.

இறுதியாக, வயலில் வேலை செய்வோரை விலகி நிற்கச் சொல்லிவிட்டு, ஆள் உயரத்துக்குச் சற்று மேலே ஒரு நிமிடம் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஓசையில் மாற்றம், ஒரு பக்கமாக நகர்தல், படத்தில் நடுக்கம் ஆகியவற்றில் ஏதேனும் தென்பட்டால் அன்று பறக்கவிடாமல் பழுது பார்ப்பதே அறிவுடைமை. ஒரு நாள் பணி தள்ளிப்போனால் மறுநாள் செய்துகொள்ளலாம். அன்றைக்கே திட்டைக் கண்டாக வேண்டும் என்றால் வயலில் இறங்கித் தூர் விலக்கிப் பார்க்கும் பழைய முறை எப்போதும் இருக்கவே இருக்கிறது.

நாற்றங்காலிலிருந்து ஒட்டுச் செடியை வண்டியில் கொண்டுவரும் விவசாயி, ஒட்டுப் பகுதி அசையாதவாறு பக்குவமாகக் கட்டி எடுத்து வருகிறார். அதே பக்குவத்தை ட்ரோனிடமும் காட்டினால் கருவி நீண்ட நாள் உழைக்கும். எடுக்கும் படமும் நம்பத்தக்கதாக இருக்கும். கீழே வேலை செய்வோருக்கும் தீங்கு நேராது.