சாம்பல் சத்தைத் தேடும் தம்பிக்கு



பிக்கிலி மலைமேல் ஏறி, அங்குள்ள சயனைட் என்னும் தீப்பாறையில் காமாக் கருவியை வைத்தபோது பொட்டாசியத்தின் எண் மளமளவென்று உயர்ந்ததென்றும், தர்மபுரி மாவட்டத்தில் பொட்டாஷ் படிவு உண்டென்று அறிக்கை எழுதலாமா என்றும் கேட்டிருந்தாய். உன் உற்சாகம் எனக்கு மெத்த சந்தோஷம் தருகிறது. ஆயினும் சற்றுப் பொறு.

கருவி பொய் சொல்லவில்லை. அந்தப் பாறையை உடைத்துப் புதுமுகத்தை வெயிலில் மெல்லத் திருப்பினால் பளிச்சென்று மின்னி மறையும் தட்டைத் தளங்கள் பொட்டாஷ் ஃபெல்ஸ்பாரே. அது சுத்தமாயிருப்பின் அதில் பொட்டாசியம் ஆக்ஸைடு ஏறத்தாழ 17 சதவீதம். ராஜஸ்தானத்து நாகௌர்-கங்காநகர் பிரதேசத்தில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையினர் 1970-களிலிருந்து துளையிட்டுக் கண்ட பாலிஹாலைட் என்னும் உப்பிலோ அது 15.6 சதவீதந்தான். குறைவாயிருந்தும் அதைப் படிவு என்கிறோம். ஏனெனில் அது நீரில் மெல்லக் கரைந்து வேரைச் சேரும், உன் ஃபெல்ஸ்பாரோ சிலிக்காவின் பிடியில் அகப்பட்டு, யுகயுகமாய் மழை அடித்தாலும் அணு அணுவாகவே விட்டுக்கொடுக்கும். அடுப்புச் சாம்பலை வாரி வாழைக்கு இடும் நம் குடியானவர் அறிந்த ரகசியமும் இந்தக் கரைதல்தான்.

அப்படிக் கரையும் பொட்டாஷ் பிறக்கும் வழியே வேறு. அடைபட்ட கடல் வெயிலில் வற்றும்போது சுண்ணாம்பு, ஜிப்சம், சமையல் உப்பு எல்லாம் படிந்தபிறகே பொட்டாசிய உப்புகள் இறங்கும். தூத்துக்குடி அளத்தில் உப்பை வாரியபின் பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீரை நாக்கில் தொட்டுப் பார். அந்தக் கடைசிக் கட்டத்தின் ருசி அது. ஜெர்மனியின் ஸ்டாஸ்ஃபுர்ட்டில் பாறையுப்புக்காகத் தோண்டியவர்கள் மேலே கிடந்த இக்கசப்பு உப்புகளைக் குப்பையென்று தள்ளினார்கள். 1861-இல்தான் அங்கே பொட்டாஷ் ஆலை எழுந்தது. உன் சயனைட்டோ பூமியின் ஆழத்தில் உருகி, மேலெழுந்து உறைந்தது. அதற்கும் வற்றிய சமுத்திரத்துக்கும் சம்பந்தமில்லை.

ஆகவே ராஜஸ்தானத்துக்குப் போக வாய்த்தால் தயங்காதே. அங்கே உப்பு அடுக்கில் துளையிடும்போது சாதாரணத் தண்ணீரை விடாதே. பூரிதமான உப்புநீரையே விடு. இல்லாவிடில் தேடிப்போன பொருள் பெட்டிக்கு வருமுன் கரைந்துவிடும். வெறுங்குழியைக் கண்டு, ஒன்றுமில்லை என்று எழுதிவிடுவாய்.

நம் விவசாயிக்கு வரும் பொட்டாஷ் உரம் ஏறக்குறைய முழுவதும் கப்பலில் வருவது. ‘பொட்டாஷ் படிவு’ என்ற சொல்லைக் கேட்டால் அந்த மலைப்பக்கத்துப் பென்னாகரத்து ஜனங்கள் எவ்வளவு ஆசை கொள்வார்களென்று எண்ணிப் பார். அறிக்கையில் அதை அடித்துவிட்டு, ‘பொட்டாசியம் மிகுந்த சயனைட்’ என்று எழுதி அனுப்பு.