அடுத்த ஆறு எது, ஆச்சி?

சென்னையில் வேலை, திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊர் என்று இருக்கும் இளம் தாய் தகப்பன்களுக்காக இதை எழுதுகிறேன். முழுப் பரீட்சை லீவு, பொங்கல், கோயில் கொடை என்று வருஷத்தில் சில தடவையாவது அந்த 620 கிலோமீட்டரைக் காரில் கடப்பீர்கள். பிள்ளைகளோடும் பிறகு பேரப்பிள்ளைகளோடும் இந்தச் சாலையில் போய்வந்து பழகியவள் நான். பிள்ளைகள் காரில் அழுவதற்குப் பாதிக் காரணம் நம்முடைய அவசரம்தான் என்பது என் தீர்மானமான எண்ணம். கீழே சொல்வதெல்லாம் அதை ஒட்டித்தான்.

1. நேரத்தைத் தாராளமாக ஒதுக்குங்கள். பெரியவர்கள் மட்டும் போனால் பத்துப் பதினொரு மணி நேரத்தில் நெல்லை வந்துவிடும். ஐந்து வயதுக்குள் ஒரு பிள்ளை இருந்தால் பதின்மூன்று, பதினான்கு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். அது முடியாது என்று தோன்றினால் திருச்சியில் ஒரு ராத்திரி தங்குங்கள். சென்னையிலிருந்து சுமார் 330 கிலோமீட்டர், பாதி வழிக்குக் கொஞ்சம் கூட. ஊரில் காத்திருப்பவர்களிடம் "இத்தனை மணிக்கு வந்துவிடுவோம்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "எங்கே வர்றீங்க?" என்று அரைமணிக்கொரு தடவை போன் வரும். அந்தப் பதற்றம் ஓட்டுகிறவர் காலில் ஏறும், பிறகு பிள்ளையின் மேல் எரிச்சலாக இறங்கும்.

2. விடிகாலை நாலரை, ஐந்து மணிக்குக் கிளம்புவது உத்தமம். தூங்குகிற பிள்ளையை இரவு உடுப்போடேயே தூக்கி இருக்கையில் வைத்துக் கட்டிவிடலாம். குளிப்பாட்டி, பவுடர் போட்டு, புதுச்சட்டை மாட்டுகிற வேலையெல்லாம் வேண்டாம். சிலர் இரவு இரண்டு மணிக்கே கிளம்பிவிடுகிறார்கள். பிள்ளை தூங்குவது உண்மைதான், ஆனால் ஓட்டுகிறவருக்கும் கண் சொருகுகிற நேரம் அதுதான். முந்தின நாள் இரவு ஒன்பது மணிக்கு ஓட்டுகிறவர் படுத்தாக வேண்டும். பெட்டி கட்டுவது, பால்காரருக்குச் சொல்வது எல்லாம் மற்றவர்கள் பொறுப்பு.

3. மடியில் வைத்துக்கொள்ளாதீர்கள். இதைச் சொன்னால் என் வயதுக்காரர்களே கோபித்துக்கொள்கிறார்கள், நாங்கள் வளர்க்கவில்லையா என்று. அந்தக் காலத்துச் சாலை வேறு, வேகம் வேறு. 50 கிலோமீட்டர் வேகத்தில் கார் மோதி நின்றால், பத்துக் கிலோ பிள்ளை அந்த நொடியில் சில நூறு கிலோ கனத்தோடு முன்னால் பாயும். எந்தத் தாயின் கையும் அதைத் தாங்காது. குழந்தை இருக்கை வாங்குங்கள். இரண்டு வயது வரைக்குமாவது பின்பக்கம் பார்த்தபடி மாட்டுங்கள், அதுவும் பின்சீட்டில்தான். முன்சீட்டில் அப்படி மாட்டினால் ஏர்பேக் விரியும்போது அதுவே பிள்ளைக்கு எமன். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டமும் 14 வயதுக்குட்பட்டவர்களைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. ஊருக்குக் கிளம்பும் அன்றைக்குப் புது இருக்கையைப் பிரிக்காதீர்கள். இரண்டு வாரம் முன்பே மாட்டி, கடைக்கும் பார்க்குக்கும் அதிலேயே கூட்டிப்போய்ப் பழக்குங்கள். எல்லாருக்கும் இடம் போதவில்லையா, பெரியவர்கள் நெல்லை எக்ஸ்பிரஸில் வந்துசேரட்டும். நான் அப்படி வந்திருக்கிறேன், அதில் ஒரு குறையும் இல்லை.

4. தெற்கே போகும்போது காலை வெயில் இடது பக்கம், மத்தியானத்துக்கு மேல் வலது பக்கம். பிள்ளையின் ஜன்னலில் வலைத்திரை போடுங்கள். இல்லாவிட்டால் பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்துக் கண்ணாடி இடுக்கில் செருகுங்கள். முகத்தில் வெயில் அடித்தால் சொல்லத் தெரியாத பிள்ளை சிணுங்கும், நாம் பசி என்று நினைப்போம்.

5. வாந்தியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை இது அதிகம். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு "ஓடுகிறோம்" என்கிறது. புத்தகத்தையோ செல்போனையோ பார்க்கிற கண் "சும்மா இருக்கிறோம்" என்கிறது. இரண்டும் ஒத்துப்போகாதபோது குமட்டுகிறது. ஆகவே, பார்வை வெளியே, தூரத்தில், முன்பக்கமாக இருக்க வேண்டும். டாஷ்போர்டில் இருக்கிற வாசனை டப்பாவை முந்தின நாளே எடுத்து வீட்டில் வைத்துவிடுங்கள்.

வாந்தி சொல்லாமல் வராது, கவனித்தால் தெரியும். வாயாடிப் பிள்ளை திடீரென்று அடங்கும். கொட்டாவி விடும். மேலுதட்டில் வேர்வை அரும்பும், முகம் வெளுக்கும், எச்சிலை விழுங்கி விழுங்கிப் பார்க்கும். அப்போதே கண்ணாடியை இறக்கி, வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, இறங்கி நாலடி நடக்கவிடுங்கள். மிஞ்சினால் கைக்கெட்டும் இடத்தில் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்று, ஈரத்துண்டு, மாற்று உடுப்பு. மாற்று உடுப்பு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற தாய்க்கும் ஒன்று வேண்டும். அதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. வாந்தி எடுத்துவிட்ட பிள்ளையை ஒரு சொல் திட்டாதீர்கள். அது ஏற்கெனவே பயந்துபோயிருக்கும். வாயைக் கொப்பளிக்க வைத்து, முகம் துடைத்து, "சரியாப் போச்சு" என்று முதுகைத் தடவுங்கள். மலைப்பாதை என்றால் முன்கூட்டியே குழந்தை மருத்துவரைக் கேட்டு மாத்திரை வாங்கி வையுங்கள். பெரியவர்கள் மாத்திரையை உடைத்துக் கொடுக்கிற வழக்கம் ஆகாது. கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, அதில் வெறுங்கையோடு ஏறாதீர்கள்.

6. சாப்பாடு வீட்டுச் சாப்பாடாக இருக்கட்டும். காலைக்கு இட்லி, பெரியவர்களுக்கு மிளகாய்ப்பொடி எண்ணெய் தடவி, பிள்ளைகளுக்கு நெய்யும் சீனியும் தொட்டு. வயிறு முட்டக் கொடுக்காதீர்கள், காலியாகவும் விடாதீர்கள். ஒரு இட்லி, ஒன்றரை மணி கழித்து இன்னொன்று. தயிர்ச்சோறு கொண்டுபோகிறவர்கள் சோற்றைக் குழையவிட்டு, ஆறியதும் பாலை நிறைய ஊற்றி ஒரு கரண்டி தயிர் மட்டும் சேர்த்துப் பிசையுங்கள். மத்தியானம் சம்படத்தைத் திறக்கும்போது புளிக்காமல், பதமாக உறைந்திருக்கும். சாத்தூர்ப் பக்கம் வரும்போது வெள்ளரிப்பிஞ்சு கிடைத்தால் வாங்கிக் கழுவி நீளவாக்கில் நறுக்கிக் கொடுங்கள்.

கோவில்பட்டி கடலைமிட்டாயை 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்த பெருமையோடு வாங்குங்கள். ஆனால் நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள், ஓடுகிற வண்டியில் எந்தச் சின்னப் பிள்ளைக்குமே கொடுக்காதீர்கள். ஒரு குலுக்கலில் கடலை மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். பின்சீட்டில் பிள்ளை சத்தமில்லாமல் திணறுவது ஓட்டுகிறவருக்குத் தெரியாது. ஊர் போய்ச் சேர்ந்து, உட்கார வைத்து, பொடித்துக் கொடுங்கள்.

7. இனி "எப்போ வரும்?" என்கிற கேள்விக்கு வருகிறேன். தாம்பரம் தாண்டுவதற்குள் ஆரம்பித்துவிடும். "இன்னும் 500 கிலோமீட்டர்" என்பதும் "இதோ வந்துவிடும்" என்பதும் பதிலே இல்லை. முதலாவது பிள்ளைக்குப் புரியாது, இரண்டாவது பொய். பிள்ளைக்குக் கிலோமீட்டரும் தெரியாது, மணியும் தெரியாது. கண்ணால் பார்க்கிற ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நம் சாலையில் அதற்கென்றே ஆறுகள் இருக்கின்றன. செங்கல்பட்டு தாண்டிப் பாலாறு. விழுப்புரத்துக்குத் தெற்கே தென்பெண்ணை. தொழுதூரில் வெள்ளாறு. திருச்சிக்குள் நுழையும்போது கொள்ளிடம், உடனே காவிரி. மதுரையில் வைகை. சாத்தூரில் வைப்பாறு. கடைசியில் நம்முடைய தாமிரபரணி. இந்த எட்டையும் ஒரு அட்டையில் நீல வரியாக வரைந்து பிள்ளை கையில் கொடுங்கள். ஒவ்வொரு பாலம் தாண்டியதும் ஒரு வரியை அது அடிக்கட்டும். கூடவே ஒரு கதை. ஆச்சியோ தாத்தாவோ இருந்தால் அவர்கள் சொல்லட்டும், இல்லாவிட்டால் அம்மா. ஒரு ஆற்றிலிருந்து அடுத்த ஆறு வரை ஒரு அத்தியாயம். ஆற்றங்கரை வந்ததும் கதை நிற்கும். எல்லாரும் வெளியே பார்க்க வேண்டும், தண்ணீர் ஓடுகிறதா, மணல்தானா, மாடு நிற்கிறதா, துணி துவைக்கிறார்களா என்று. என் நடுப்பேத்தி கொள்ளிடத்துப் பாலத்தில் கண்ணாடியோடு மூக்கை அழுத்திக்கொண்டு, தண்ணீரே இல்லாத மணலில் ஒரு நாய் தனியாக நடந்துபோவதைப் பாலம் முடியும் வரை பார்த்தாள். பிறகு அந்த நாய்தான் கதையில் காவிரி முதல் வைகை வரை வந்தது. கொள்ளிடத்துக்கும் காவிரிக்கும் நடுவில் இருப்பது தீவு என்று சொல்லுங்கள்; வலது பக்கம் ஸ்ரீரங்கத்து ராஜகோபுரத்தைக் காட்டுங்கள். 236 அடி, 1987-ல் கட்டி முடித்தது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் தூரம் அதிகம், வைகைக்கு முந்தியும் அப்படித்தான். அங்கே கதையை இழுத்துச் சொல்லுங்கள். இந்த வழக்கம் வந்த பிறகு எங்கள் வண்டியில் "எப்போ வரும்?" குறைந்துபோய், "அடுத்த ஆறு எது, ஆச்சி?" என்பதுதான் அதிகம்.

8. சுங்கச்சாவடியும் பிள்ளைகளுக்கு விளையாட்டுதான். கட்டை அருகே வந்ததும் "திற!" என்று எல்லாரும் சேர்ந்து சொல்ல வேண்டும். மூன்று வயதுப் பிள்ளை தன் சொல்லுக்குத்தான் அது எழும்பியது என்று நம்பும். ஃபாஸ்டாக்கில் பணம் போதுமா என்று மட்டும் நீங்கள் முன்னதாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆறேழு வயதுக்கு நம்பர் பிளேட் விளையாட்டு: டிஎன் 45 திருச்சி, 67 விருதுநகர், 69 தூத்துக்குடி, 72 திருநெல்வேலி. சென்னைக்குப் பக்கத்தில் ஒரு 72-ஐப் பார்த்துவிட்டால் சொந்தக்காரரைப் பார்த்ததுபோல் குதிப்பார்கள். மைல்கல்லில் மஞ்சள் தலை தேசிய நெடுஞ்சாலை, பச்சைத் தலை மாநில நெடுஞ்சாலை என்று சொல்லிக் கொடுங்கள். கயத்தாறு வந்தால் காற்றாலை எண்ணலாம். அங்கேதான் 1799-ல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். பெரிய பிள்ளைகள் இருந்தால் நினைவிடத்தில் பத்து நிமிஷம் நில்லுங்கள்.

9. இரண்டு மணிக்கு ஒரு தடவை நிறுத்துங்கள், பிள்ளை கேட்பதற்கு முன்பே. "இப்போதானே போனே" என்று சொல்லக் கூடாது. சின்னப் பிள்ளை உட்கார்ந்து போகிற கழிப்பு டப்பா ஒன்று டிக்கியில் இருந்தால் பெட்ரோல் பங்க் கழிப்பறையின் கோலத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஒரு கேன் தண்ணீர், ஒரு குவளை, சோப்பு கட்டாயம். நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்துவதைத் தவிர்த்து, சர்வீஸ் ரோட்டிலோ கடை வாசலிலோ நிறுத்துங்கள். இறங்குவது எப்போதும் இடது பக்கக் கதவு, கையைப் பிடித்தபடி.

நிறுத்துவதென்றால் ஓடுவதற்கும் இடம் வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து வந்த பிள்ளையை ஹோட்டல் நாற்காலியில் மறுபடி உட்கார வைத்துப் பயன் இல்லை. பெரம்பலூருக்கு முன்னால் சாலையை ஒட்டியே ரஞ்சன்குடி கோட்டை இருக்கிறது, தொல்லியல் துறை பார்த்துக்கொள்கிற இடம். காலை வெயில் ஏறுவதற்குள் வந்தால் முக்கால் மணி நேரம் ஏறி இறங்கி விளையாடலாம். மதில் ஓரத்தில் பெரியவர் ஒருவர் கூடவே நிற்க வேண்டும். அங்கே ஓடின பிள்ளை திருச்சியில் சாப்பிட்டுவிட்டு விராலிமலை தாண்டுவதற்குள் தூங்கிவிடும். தூங்கிய பிள்ளையை விராலிமலை மயிலைக் காட்டுகிறேன் என்று எழுப்பாதீர்கள்.

10. ஒரு டீ குடித்துவிட்டு வருகிற நேரம்தானே என்று பிள்ளையைக் காருக்குள் விட்டுப் போகாதீர்கள். தூங்கினாலும் சரி, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கியிருந்தாலும் சரி. வெயிலில் நிற்கிற காருக்குள் பத்தே நிமிஷத்தில் பத்து டிகிரி ஏறிவிடும். பிள்ளை உடம்பு நம் உடம்பைவிட வேகமாகச் சூடாகும்.

11. செல்போனைக் கடைசிக்கு வையுங்கள். இருட்டிய பிறகு ஜன்னலில் பார்க்க ஒன்றும் இருக்காது. விருதுநகர் தாண்டி எல்லாரும் களைத்திருப்பார்கள். அப்போது பாட்டு போடுங்கள், கதை ஒலிப்பதிவு போடுங்கள். படம்தான் வேண்டும் என்றால் குமட்டாத பிள்ளைக்கு மட்டும், அரைமணி நேரம்.

12. இரண்டு பிள்ளைகள் இருந்தால் ஆளுக்கொரு பை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், ஆளுக்கொரு அட்டை. பொதுவாக ஒன்று கொடுத்துப் பகிர்ந்துகொள்ளச் சொல்லிக் கொடுப்பதை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

13. ஊர் வந்ததும் வாசலில் பத்துப் பேர் கை நீட்டுவார்கள். அத்தைக்கு முத்தம் கொடு, மாமாவுக்குப் பாட்டுப் பாடு என்று பிள்ளையைக் கைமாற்றாதீர்கள். முற்றத்தில் கொஞ்சம் ஓடட்டும். வெந்நீர் ஊற்றி, பருப்புச்சோறு கொடுத்துப் படுக்க வையுங்கள். சொந்தங்கள் காலையில் கொஞ்சிக்கொள்ளட்டும்.

14. திரும்பும்போது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சென்னைக்குள் நுழைகிற மாதிரி கிளம்பாதீர்கள். லீவு முடிகிற ஞாயிறு என்றால் செங்கல்பட்டிலிருந்து தாம்பரம் வரை வண்டி ஊரும். காலையிலிருந்து பொறுமையாக வந்த பிள்ளையும் அந்தக் கடைசி முப்பது கிலோமீட்டரில்தான் உடைந்துபோகும். சனிக்கிழமை விடியற்காலையிலேயே புறப்பட்டுவிடுங்கள். ஆற்று அட்டையைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தால் தாமிரபரணியிலிருந்து ஆரம்பிக்கும்.