பனிமலைக்குக் கூட்டாகப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

குளிர்காலத்தில் இமயமலை ஏற நினைக்கும் புதியவர்கள் பலர் முதலில் தேர்ந்தெடுப்பது கேதார்காண்டாவைத்தான். உத்தராகண்ட் மாநிலம் உத்தரகாசி மாவட்டத்தில், கோவிந்த் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் 12,500 அடிச் சிகரம் அது. சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் ஐந்தாறு பேராகச் சேர்ந்து கிளம்புகிறார்கள். அங்கே பெரும்பாலான சிக்கல்கள் பக்கத்தில் நடப்பவரை யாரும் கவனிக்காமல் விடுவதால் வருகின்றன. அதை மனத்தில் வைத்தே இவற்றை எழுதுகிறேன்.

1. நாளைச் சுருக்காதீர்கள். டேராடூனிலிருந்து, நடை தொடங்கும் சாங்க்ரி கிராமம் ஏறக்குறைய 200 கிலோமீட்டர்தான். ஆனால் மலைச்சாலையில் எட்டு முதல் பத்து மணி நேரம் ஆகும். சாங்க்ரி 6,400 அடி, ஜூடா கா தாலாப் ஏரிக்கரை 9,100 அடி, மேல் முகாம் 11,250 அடி. 10,000 அடிக்கு மேல் போனால், இரவு தூங்கும் இடத்தின் உயரம் நாளுக்கு 1,600 அடிக்கு மேல் கூடக் கூடாது என்பது பொதுவான மருத்துவ அறிவுரை. இந்தப் பாதை ஏற்கெனவே அந்த அளவை ஒட்டியும் மீறியும்தான் போகிறது. இதிலும் ஒரு நாளைக் குறைத்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சாங்க்ரியில் கூடுதலாக ஓர் இரவு தங்க முடிந்தால் நல்லது.

2. பணத்தையும் மருந்தையும் டேராடூனில், தவறினால் வழியில் புரோலாவில் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு மேலே ஏடிஎம்மை நம்ப வேண்டாம்.

3. புது ஷூவோடு மலையேறக் கூடாது. இரண்டு மூன்று வாரம் முன்பே வாங்கி, மாடிப்படியில் ஏறி இறங்கிப் பழக்குங்கள். கடையில் போட்டுப் பார்க்கும்போது கம்பளிக் காலுறையோடு போட்டுப் பாருங்கள். கால்விரல் தாராளமாக அசைய வேண்டும். இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து விரல் விறைத்துவிடும். கிளம்புவதற்கு முதல் நாள் கால் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். இறங்கும்போது விரல் முன்னால் இடித்து நகம் கறுத்துப்போவது அப்போதுதான் தவிரும்.

4. நம் ஊருக்கு உயிரான பருத்தி, பனியில் ஆகாது. வியர்வையைக் குடித்துக்கொண்டு காயவே காயாது. நின்ற அடுத்த நிமிடம் உடம்பைக் குளிரவைத்துவிடும். பருத்தி பனியனும் ஜீன்ஸும் வேண்டாம். உடம்பை ஒட்டி தெர்மல், அதன் மேல் கம்பளி அல்லது ஃப்ளீஸ், எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் ஈரமும் புகாத ஜாக்கெட் என்று அடுக்கடுக்காகப் போடுங்கள். நடக்கத் தொடங்கும் முன்பே ஓர் அடுக்கைக் கழற்றிவிட வேண்டும். முதல் பத்து நிமிடம் லேசாகக் குளிர்ந்தால்தான் அளவு சரி.

5. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறையத் தொடங்கிவிடும். அங்கே புட்டியிலிருந்து வராது. உதட்டுக்கும் குதிகாலுக்கும் வாசலின் எடுத்துப்போங்கள். சன்ஸ்க்ரீனை மூக்கின் அடிப்புறத்திலும் தாடைக்குக் கீழேயும் தடவ வேண்டும். புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிப்பதால் வெயில் கீழிருந்தும் சுடும். கறுப்புக்கண்ணாடி இல்லாமல் பனியில் இறங்கவே கூடாது. கண் கூசிச் சிவந்து, மணல் விழுந்ததுபோல் உறுத்தி, ஒருநாள் முழுக்கத் திறக்க முடியாமல் போய்விடும்.

6. மேல் முகாமில் தண்ணீர் 88, 89 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் சோறும் பருப்பும் நம் வீட்டுப் பதத்துக்கு வேகாது, அதற்காகச் சமையல்காரரைக் கோபிக்காதீர்கள். உயரத்தில் பசி மந்தமாகும். வாய்க்குப் பிடித்த ஒன்று கையில் இருந்தால் நாலு வாய் உள்ளே போகும். புளிக்காய்ச்சல், பூண்டு ஊறுகாய், பருப்புப் பொடி மூன்றையும் சின்ன டப்பாக்களில் கொண்டுபோனால் கூடாரமே நன்றி சொல்லும். கடலை மிட்டாயும் சாக்லேட்டும் குளிரில் இறுகிவிடும். வீட்டிலேயே உடைத்துச் சிறு துண்டுகளாக்கி, உள்பக்கப் பையில் வையுங்கள்.

7. பொதுப் பொருள் எது, தனிப் பொருள் எது என்று ஊரிலேயே பேசி முடியுங்கள். மருந்துப் பெட்டி ஒன்று போதும், அது யார் பையில் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிய வேண்டும். டார்ச், தண்ணீர், மழைக்கோட்டு, அவரவர் வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை ஆகியவற்றைப் பங்கு போடக் கூடாது.

8. மெதுவாக நடப்பவர்தான் கூட்டத்தின் வேகத்தை முடிவுசெய்ய வேண்டும். அவரை வழிகாட்டிக்கு அடுத்து நிறுத்துங்கள். தெம்பான ஆள் கடைசியில் வரட்டும். பெரும்பாலான குழுக்களில் இது தலைகீழாக நடக்கிறது. வேகமாக நடந்த நான்கு பேர் ஒரு பாறையில் பத்து நிமிடம் உட்கார்ந்து தேநீர் குடித்திருப்பார்கள். பின்தங்கியவர் மூச்சிரைக்க வந்து சேருவார். அவர் பையை இறக்குவதற்குள் "வந்தாச்சா, கிளம்பலாமா?" என்று எல்லோரும் எழுந்துவிடுவார்கள். ஓய்வு அதிகம் தேவைப்படுகிறவருக்கு ஓய்வே கிடைக்காமல் போவது இப்படித்தான். கடைசி ஆள் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, ஐந்து நிமிடம் ஆன பிறகே கிளம்புவது என்று முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள்.

9. எல்லாக் குறிப்பிலும் இதுதான் முக்கியம். சிகரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. மூச்சுக்கு மூச்சு ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறையும். தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை, அசதி ஆகியவை உயர நோயின் தொடக்கம். உடற்பயிற்சி செய்த உடம்புக்கும் வரும், இளவயதுக்காரருக்கும் வரும். கூட்டத்தின் பயணம் தன்னால் கெட்டுவிடக் கூடாது என்று பலர் மறைப்பார்கள். "நல்லா இருக்கியா?" என்று கேட்டால் "எனக்கு ஒண்ணுமில்லை" என்றுதான் பதில் வரும். மாற்றிக் கேளுங்கள்: "ராத்திரி எத்தனை தடவை முழிச்சே? எத்தனை ரொட்டி சாப்பிட்டே? மூத்திரம் மஞ்சளா போச்சா?" காலையும் மாலையும் ஒருவரை ஒருவர் இப்படிக் கேட்பதைப் பழக்கமாக்குங்கள். லேசான தலைவலி என்றால் அதற்கு மேல் ஏறாமல் அங்கேயே தங்குங்கள். குடித்தவர்போல் தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நள்ளிரவானாலும் உடனே கீழே இறக்க வேண்டும், தனியாக அனுப்பக் கூடாது. அசிடசோலமைடு மாத்திரையைப் பற்றி ஊரிலேயே மருத்துவரிடம் கேளுங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதை அவரிடம் அவசியம் சொல்ல வேண்டும்.

10. கலகலவென்று பேசிக்கொண்டு வந்தவர் திடீரென்று மௌனமாகி, எரிந்து விழுந்து, ஜிப்பைக்கூட இழுக்கத் தெரியாமல் விரல் தடுமாறினால் அது உடம்பு குளிர்ந்துபோவதன் அடையாளம். கோபித்துக்கொள்ளாமல் காற்றில்லாத இடத்துக்கு அழைத்துப்போய், ஈர உடையை மாற்றி, இனிப்பான சூடான பானம் கொடுங்கள். பிராந்தி கூடவே கூடாது. தோலுக்கு ரத்தத்தை இழுத்துச் சூடுபோலக் காட்டி, உள்ளேயிருக்கும் வெப்பத்தை வெளியே விட்டுவிடும். விறைத்து வெளுத்த விரலைத் தேய்க்கவும் கூடாது, நெருப்பில் காட்டவும் கூடாது. விரல் என்றால் அக்குளில் வைத்துச் சூடேற்றுங்கள்.

11. தண்ணீர் மேலிருந்துதான் உறையும். இரவில் பாட்டிலைத் தலைகீழாக வைத்தால் காலையில் மூடிப்பக்கம் தண்ணீராகவே இருக்கும். அதைவிட நல்லது, படுக்கும் முன் கசியாத பாட்டிலில் வெந்நீர் நிரப்பி, ஒரு காலுறைக்குள் போட்டு, ஸ்லீப்பிங் பேக்கில் கால்மாட்டில் வைப்பது. இரவெல்லாம் பாதத்துக்குச் சூடு, காலையில் குடிக்கத் தண்ணீர். தாகத்துக்குப் பனியை அள்ளித் தின்னாதீர்கள். பனியை உருக்குவதானால் பாத்திரத்தின் அடியில் முதலில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள். வெறும் பனியைப் போட்டால் பாத்திரம் தீய்ந்து, தண்ணீரிலும் அந்த வாடை வரும்.

12. ஸ்லீப்பிங் பேக்குக்குள் மூக்கை நுழைத்து மூச்சு விட்டால் உள்ளே ஈரம் சேர்ந்து விடியும் நேரம் நடுங்கவைக்கும். முகம் வெளியே இருக்கட்டும், தலைக்கு மட்டும் குரங்குக் குல்லா. சிறுநீரை அடக்கிக்கொண்டு படுக்க வேண்டாம். வெளியே போகத் தயங்குபவரோடு டார்ச்சுடன் துணைக்குப் போங்கள்.

13. மூடிய கூடாரத்துக்குள்ளோ அறைக்குள்ளோ கரியடுப்பு, ஸ்டவ் எதையும் வைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போகும்.

14. குளிரில் பேட்டரி விரைவில் இறங்கும். போனும் பவர்பேங்கும் இரவில் உங்களோடு படுக்கட்டும். விறைத்துக் கிடக்கும் போனை, உடம்புச் சூட்டில் வைத்த பிறகே சார்ஜ் போடுங்கள்.

15. மாதவிலக்கு நாள் குளிரிலும் உயரத்திலும் முன்பின்னாக வரலாம். உடன் வரும் பெண்கள் எல்லோருமே நாப்கின் வைத்திருப்பது நல்லது. பயன்படுத்தியதைப் பனியில் புதைத்தால் பனி உருகும்போது ஓடைக்குத்தான் போகும். அந்த ஓடை நீரைத்தான் கீழே கிராமத்தார் குடிக்கிறார்கள். காகிதம் சுற்றி, ஒளி புகாத பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

16. சிகரத்துக்கு விடியும் முன்பே, இருட்டில் கிளம்புவார்கள். எந்த மணிக்குத் திரும்பிவிடுவது என்பதை முந்தின இரவே முடிவுசெய்யுங்கள். உச்சி இருநூறு அடி மிச்சமிருந்தாலும் அந்த மணிக்குத் திரும்பிவிட வேண்டும். ஏறுகையில் முன்னால் போனவரின் கால்தடத்திலேயே காலை வையுங்கள். இறங்குகையில் ஷூக் கயிற்றை இறுக்கிக் கட்டி, குதிகாலைப் பனியில் அழுத்தி ஊன்றுங்கள். வெயில் ஏறியதும் பனி இளகி வழுக்கும், அதற்குள் முகாமுக்குத் திரும்புவதே நல்லது.

17. ஊர் திரும்பியதும் ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணித்து நிழலில் காயவிடுங்கள், தாள் நனைய நனைய மாற்றுங்கள். வாங்கிய ஸ்லீப்பிங் பேக்கைச் சுருட்டி அமுக்கி வைத்தால் உள்ளே இருக்கும் பஞ்சு படிந்து, அடுத்த முறை சூடு தராது. பழைய தலையணை உறையில் தளர்வாகப் போட்டு அலமாரியில் வையுங்கள்.