பாஸ்போர்ட்டை ஜிப் செய்து அனுப்புகிறவர்களுக்கு

தேங்காய்ப்பட்டணம் பக்கமிருந்து வளைகுடாவுக்குப் போகிறவர்கள் ஏராளம். கடை வேலைக்கும் போகிறார்கள், கடல் தொழிலுக்கும் போகிறார்கள். விசா ஏஜென்ட் கேட்டதும் புதுக்கடையிலோ கருங்கலிலோ ஒரு பிரவுசிங் சென்டரில் பாஸ்போர்ட், ஆதார், சான்றிதழ் எல்லாம் ஸ்கேன் ஆகி, ஒரே ஜிப் கோப்பாகக் கிளம்பிவிடும். பெரும்பாலும் பூட்டே இல்லாமல்.

செய்ய வேண்டியவை

• ஏஜென்ட் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று முதலில் பாருங்கள். கள்ளன் கையில் சாவியைக் கொடுத்துவிட்டுப் பூட்டின் தரத்தைப் பேசிப் பயனில்லை.

• விண்டோஸோடு வரும் ஜிப் வசதியில் பாஸ்வேர்டு போட வழி கிடையாது. செவன்-ஜிப் என்ற இலவச மென்பொருளில் போடலாம். அதிலும் ஒரு சிக்கல் உண்டு: ஜிப் வகையைத் தேர்ந்தால் அது தானாக எடுத்துக்கொள்வது ‘ஜிப்கிரிப்டோ’ என்ற பழைய முறை. உள்ளே இருப்பதில் ஒரு சிறு பகுதி முன்பே தெரிந்தால் போதும், பாஸ்வேர்டு இல்லாமலே அதை உடைக்கலாம் என்று பிஹாம், கோச்சர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1994-லேயே காட்டிவிட்டார்கள். எல்லோருக்கும் கிடைக்கிற விண்ணப்பப் படிவம் ஒன்று கூடவே இருந்தால் அதுவே துப்பாகிவிடும். ஆகவே ‘ஏஇஎஸ்-256’ என்பதை நீங்களே தேர்ந்தெடுங்கள்.

• இன்னும் நல்லது, ஜிப்புக்குப் பதில் ‘செவன்-இசட்’ வகை. அதில் கோப்புப் பெயர்களையும் மறைக்கும் கட்டம் இருக்கிறது; டிக் செய்யுங்கள். ஜிப்பில் பாஸ்வேர்டு தெரியாதவருக்கும் ‘வாப்பா பாஸ்போர்ட்’, ‘பேங்க் பாஸ்புக்’ என்று பட்டியல் தெரியும்.

• ஆதார் எண் முழுதாகத் தேவையில்லாத இடத்துக்கு, கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரே போதும்.

செய்யக்கூடாதவை

• கோப்பு போன அதே வாட்ஸ்அப்பில் பாஸ்வேர்டையும் அனுப்பாதீர்கள். போனில் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

• பாஸ்வேர்டுக்கு இ-ஆதார் பிடிஎஃப் பாணியைக் காப்பியடிக்காதீர்கள்: பெயரின் முதல் 4 எழுத்து, பிறந்த ஆண்டு. இரண்டுமே பாஸ்போர்ட்டில் அச்சாகியிருக்கிற சங்கதி! செல்போன் எண்ணும் வேண்டாம். பத்து இலக்கங்களை வரிசையாகப் போட்டுப் பார்க்கும் மென்பொருள்கள் சும்மாவே கிடைக்கின்றன. தொடர்பில்லாத நாலைந்து சொற்களைக் கோத்துக்கொள்ளுங்கள்.

• ஜிப்பைப் பூட்டிய நிம்மதியில் சென்டரை விட்டு எழுந்துவிடாதீர்கள். பூட்டியது நகலைத்தான். ஸ்கேன் செய்த அசல் படங்கள் டெஸ்க்டாப்பிலோ ஸ்கேன் ஃபோல்டரிலோ அப்படியே கிடக்கும், அடுத்து உட்காருகிறவர் பார்க்கும்படி. அவற்றை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்து, வாட்ஸ்அப் வெப்பிலிருந்து லாக் அவுட் ஆகுங்கள். இவ்வளவு செய்தாலும் மீட்டெடுக்கும் மென்பொருள்கள் உண்டு. வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தால் அங்கேயே செய்வது மேல்.

• பூட்டிய கோப்பை ஒருமுறை திறந்து பார்க்காமல் உங்களிடம் உள்ள அசலை அழிக்காதீர்கள். பாஸ்வேர்டை மறந்தால் ‘ஃபர்காட் பாஸ்வேர்டு’ பட்டன் இங்கே கிடையாது. அந்த மென்பொருளை எழுதியவராலும் திறந்து தர முடியாது.