பரேல் ஆராய்ச்சிச்சாலையும் ஒரு குப்பி மருந்தும்

1896ஆம் ஆண்டு பம்பாயிற் பிளேக் என்னும் கொள்ளைநோய் பரவிற்று. ஆங்குச் சென்ற ஹாப்கின் என்னும் அறிஞர், அந்நோய்க் கிருமிகளை வளர்த்து, வெப்பத்தாற் கொன்று, தடுப்பு மருந்தொன்று ஆக்கினார். 1897 ஜனவரி 10ஆம் நாள் அதனை முதற்கண் தம் உடலிலேயே ஏற்றிக்கொண்டார். 1899இல் அவர்தம் ஆராய்ச்சிச்சாலை பரேலிலுள்ள பழைய கவர்னர் மாளிகையில் அமைந்தது.

1902இல், பிரிவினைக்கு முற்பட்ட பஞ்சாபின் முல்கோவால் என்னும் சிற்றூரில், அம்மருந்து ஏற்றப்பெற்றோருள் 19 பேர் தனுர்வாதத்தால் மாண்டனர். பழி ஆராய்ச்சிச்சாலையின்மேல் விழுந்தது. ஹாப்கின் பதவியினின்று நீக்கப்பட்டார்.

சான்றுகள் கூறியதோ வேறு. இறந்தோர் அனைவரும் ஒரே குப்பியின் மருந்தைப் பெற்றவர்கள். அக்குப்பியைத் திறக்கப் பயன்பட்ட இடுக்கி நிலத்தில் விழுந்தது. பின்னர்ச் செவ்வனே தூய்மை செய்யப்படவில்லை. ஆராய்ச்சிச்சாலையிலேயே தனுர்வாதக் கிருமி புகுந்திருப்பின், திறந்தவுடன் துர்நாற்றம் வீசியிருத்தல் வேண்டும். முகர்ந்து பார்த்த மருத்துவர் அத்தகைய நாற்றம் எதனையும் உணரவில்லை. இவற்றை ரொனால்டு ராஸ் முதலிய அறிஞர் எடுத்துரைத்தமையால், 1907இல் ஹாப்கின்மீது சுமத்தப்பட்ட பழி நீங்கிற்று. 1925இல் அச்சாலை அவர் பெயரையே பெற்றது.

மருந்தைச் சோதிப்பதற்கு வேண்டும் பொறுமை, மனிதர்மீது குற்றஞ்சாட்டுவதற்கும் வேண்டுமென நாம் இதனால் அறிகின்றோம்.