மனரம்மியம் என்னும் பாடம்

வேதபகுதி: பிலிப்பியர் 4:10-20



காணிக்கையோடு வருகிற கடிதங்களில் ஒரு வரி அடிக்கடி வருகிறது. முன்பு மணியார்டர் கூப்பனின் ஓரத்தில் எழுதினார்கள். இப்போது கைபேசியில் அனுப்புகிறார்கள். நீங்கள் ஆண்டவருடைய ஊழியம் செய்கிறீர்கள், நாங்களோ ஏதோ ஆபீஸ் வேலை பார்த்துக் காலம் தள்ளுகிறோம் என்பதே அதன் சாரம். ஆபீஸ் என்ற இடத்தில் பள்ளிக்கூடம் என்றோ, கடை என்றோ, அடுப்பங்கரை என்றோ இருக்கும். அன்போடும் தாழ்மையோடும் எழுதப்படுகிற வரிதான். ஆனாலும் அதை வாசிக்கும்போது நமக்குச் சங்கடமாயிருக்கிறது. வேலை வேறு, ஊழியம் வேறு என்ற பிரிவினையை வேதம் நமக்குக் கற்றுத்தரவில்லை. ஆதாமின் கையில் தோட்டவேலை கொடுக்கப்பட்டது பாவம் உலகத்தில் நுழையுமுன்னே (ஆதியாகமம் 2:15). முள்ளும் வியர்வையும்தான் பின்னால் வந்தவை.

அந்த முள் மருத்துவமனைக்குள்ளும் உண்டு. இங்கே வேலை செய்கிறவர்களுக்கும் காலையில் எழுந்தவுடன் இன்றைக்கும் அதே வேலையா என்ற சலிப்பு வருகிறது. வார்டுச் சுவரில் வசனம் எழுதியிருப்பதால் மட்டும் அது போய்விடாது. ஆகவே அன்றாட வேலையில் மனநிறைவு எப்படி வருகிறது என்பதை இந்த இதழில் உங்களோடு சேர்ந்து தியானிக்க விரும்புகிறோம்.

ஒரு ரசீது

நாம் எடுத்துக்கொண்ட வேதபகுதி முதலாவது ஒரு நன்றிக் கடிதம். இதை நாம் எளிதாக மறந்துவிடுகிறோம். பவுல் காவலில் இருக்கிறார். ரோமாபுரியிலிருந்து எழுதினார் என்பது பழைய மரபு. அக்காலத்தில் காவலில் இருப்பவருடைய தேவைகள் எல்லாவற்றையும் அரசாங்கம் பார்த்துக்கொள்வதில்லை. வெளியிலிருந்து யாராவது உதவவேண்டும். ரோமாபுரியில் அவர் இரண்டு வருஷம் வாடகை வீட்டில் இருந்தார் என்று அப்போஸ்தலர் 28:30-ல் பார்க்கிறோம். வாடகையைக் கொடுத்தாகவேண்டுமே! பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்துவின் கையில் காணிக்கை கொடுத்தனுப்பினார்கள். கொண்டுவந்தவரோ சாகும் தறுவாய்வரை வியாதிப்பட்டார் (2:27). அந்தக் காணிக்கைக்குப் பவுல் எழுதிய ரசீதுதான் இந்தப் பதினொரு வசனங்கள். 18-ம் வசனத்தில் அவர் எழுதும் ஒரு கிரேக்கச் சொல், அக்காலத்து வியாபாரிகள் பணத்தைப் பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக ரசீதில் எழுதிய அதே சொல்.

ரசீது எழுதுவதில் ஒரு தர்மசங்கடம் உண்டு. நன்கொடையால் நடக்கிற எந்த ஸ்தாபனத்துக்கும் அது தெரியும். அதிகமாக நன்றி சொன்னால் இன்னும் கேட்பதுபோல ஆகிவிடும். குறைவாகச் சொன்னால் நன்றிகெட்டதனம். பவுல் இரண்டுக்கும் நடுவில் நடக்கிறார். பணமுடையினால் இதைச் சொல்லவில்லை என்று தெளிவாக்குகிறார். ஆனாலும் என் கஷ்டத்தில் பங்கெடுத்தீர்களே, அது நல்ல காரியம் என்றும் சொல்லுகிறார். இந்த இரண்டு பேச்சுக்கும் இடையில்தான் மனரம்மியத்தைப் பற்றிய வார்த்தைகள் நிற்கின்றன.

11-ம் வசனத்தில் நம்முடைய தமிழ் வேதாகமம் மனரம்மியம் என்கிறது. 1 தீமோத்தேயு 6:6-ல் போதுமென்கிற மனது என்கிறது. கிரேக்கத்தில் இரண்டும் ஒரே வேர். அத்தேனே பட்டணத்தில் பவுலோடு வாதாடிய ஸ்தோயிக்கருக்கு மிகவும் பிடித்த சொல் அது. யாரையும் எதையும் சாராமல் தன் சொந்தக் காலில் நிற்பது என்று அவர்கள் அதற்குப் பொருள் கொண்டார்கள். பவுல் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு, தன் பலத்தினால் அல்ல, கிறிஸ்துவின் பலத்தினால் என்று 13-ம் வசனத்தில் முகம் திருப்பிவிடுகிறார். இந்த 13-ம் வசனத்தைப் பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளுக்கு எழுதிக்கொடுக்கிறோம், காலண்டரிலும் அச்சடிக்கிறோம். தவறில்லை. ஆனால் பவுல் அங்கே மனதில் வைத்திருந்தது முந்தின வசனத்திலுள்ள சாப்பாட்டையும் பட்டினியையும்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இதைத் தாம் கற்றுக்கொண்டதாகச் சொல்லுகிறார். மனந்திரும்பின அன்றே கிடைத்த வரமென்று சொல்லவில்லை. எங்கே கற்றார்? சிறையில் மட்டுமல்ல. கொரிந்துவில் ஆக்கில்லா பிரிஸ்கில்லாளோடு தங்கிக் கூடாரம் பண்ணினார் (அப்போஸ்தலர் 18:3). தெசலோனிக்கேயில் இரவும் பகலும் வேலை செய்தார். தோலையோ முரட்டுத் துணியையோ வெட்டித் தைக்கிற வேலை. விரல் தேயும், முதுகு வலிக்கும். கிரேக்க மேட்டுக்குடியினர் கைத்தொழிலைக் கேவலமாக நினைத்த காலம் அது. எபேசுவில் அவருடைய உறுமால்களையும் கச்சைகளையும் வியாதியஸ்தர்மேல் போட்டார்கள் என்று வாசிக்கிறோமே (19:12), அவை வேலை செய்யும்போது வியர்வை துடைத்த துணியும் இடுப்பில் கட்டிய துணியும்தான் என்று வேத அறிஞர் பலர் கருதுகிறார்கள்.

சமையலறையும் செருப்பும்

பிடித்த வேலை கிடைத்தால் மனநிறைவு தானாக வரும் என்று நினைக்கிறோம். 17-ம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் கர்மேல் மடத்தில் இருந்த சகோதரர் லாரன்ஸைக் குறித்து உங்களில் அநேகர் கேள்விப்பட்டிருப்பீர்கள். போர்ச்சேவகனாயிருந்து காலில் காயம்பட்டு, பின்பு மடத்தில் சேர்ந்தவர். அவருக்குக் கிடைத்தது சமையலறை வேலை. அது அவருடைய சுபாவத்துக்குச் சற்றும் பிடிக்காத வேலை. அதையே ஏறக்குறைய 15 வருஷம் செய்தார். பாத்திரங்களின் சத்தத்துக்குள் தேவனோடு பேசப் பழகினார். பழகினார் என்றுதான் சொல்லவேண்டும். ஆரம்பத்தில் பல வருஷங்கள் அவருடைய உள்ளத்தில் போராட்டமே இருந்தது. பிற்காலத்தில் மடத்தாருக்குச் செருப்பு தைக்கிற வேலைக்கு மாற்றினார்கள். அங்கேயும் அதே பழக்கந்தான். 1691-ல் அவர் காலமானார்.

செருப்பு என்றதும் நம்முடைய மிஷன் மருத்துவமனைகளுக்கு மிகவும் நெருக்கமான ஒரு வேலை ஞாபகத்துக்கு வருகிறது. தொழுநோயினால் கால் மரத்துப்போனவர்களுக்கு எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பரை உட்புறம் வைத்துச் செருப்பு செய்கிறார்கள். வேலூரிலும் கரிகிரியிலும் 1950-களில் நடந்த முயற்சிகளால் பரவிய வழக்கம் இது. இப்போது சர்க்கரை வியாதியால் உணர்வு குறைந்த கால்களுக்கும் உதவுகிறது. இந்தச் செருப்பில் ஆணி அடிக்கக்கூடாது. சாதாரணமாக ஆணி குத்தினால் நாம் உடனே காலைத் தூக்கிவிடுவோம். மரத்த கால் தூக்காது. அந்த ஆணியோடேயே நாள் முழுவதும் நடந்துவிட்டு, சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போது இரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். அந்தப் புண் எலும்புவரை போனால் காலையே எடுக்கவேண்டியதாகலாம். அதனால் வாரைத் தைத்தும் பசையால் ஒட்டியும் செய்கிறார்கள். தையல் முடிச்சு உள்ளே உறுத்துகிறதா என்று விரலால் தடவிப் பார்க்கிறார்கள். நோயாளியின் கால் உணராததைச் செருப்பு தைக்கிறவருடைய விரல் உணரவேண்டியிருக்கிறது. எந்தச் சர்ஜனுடைய வேலைக்கும் இது குறைந்ததென்று நாம் சொல்லமாட்டோம்.

இந்தச் செருப்புகளுக்கு வழிதிறந்தவர்களில் ஒருவர் டாக்டர் பால் பிராண்டு அவர்கள். 1914-ல் கொல்லிமலையில் மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். சிறுவயதில் தகப்பனார் புண்களுக்கு மருந்து போடுவதைப் பார்த்து, மருத்துவத் தொழிலே வேண்டாம் என்று வெறுத்தார். இங்கிலாந்தில் கட்டட வேலையும் தச்சு வேலையும் கற்றுச் சில ஆண்டுகள் அதிலேயே இருந்தார். அதற்குப் பிறகுதான் மருத்துவம் படித்து, 1946-ல் வேலூருக்கு வந்தார். தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களைத் தசைநார் மாற்றி நிமிர்த்தினார். ஆனால் விரல் நிமிர்ந்தவர் எதைச் செய்து பிழைப்பது? அவர்களுக்காக உண்டான குடியிருப்பில் தச்சுப் பட்டறை வந்தது. மரப்பொம்மைகள் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். சுத்தியலும் ரம்பமும் பிடிக்கும்போது உணர்வில்லாத கையில் எங்கே காயம் படுகிறது என்று பட்டறையில் கவனித்தபோதுதான், விரல்கள் அழிவதற்கு நோயைவிடக் கவனியாமல் விட்ட காயங்களே பெரிய காரணம் என்பது மேலும் மேலும் தெளிவாயிற்று. உளி பிடித்த அந்த வருஷங்கள் வீணாகப்போனவை என்று அந்த நாட்களில் யாரும் நினைத்திருக்கக்கூடும்.

எல்லாருடைய வேலைக்கும் இப்படிப் பலன் கண்ணுக்குத் தெரிவதில்லை. அறுவைச் சிகிச்சைக்கான துணிகளையும் கருவிகளையும் ஆட்டோகிளேவில் வைத்து நீராவியால் சுத்திகரிக்கிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணமாக 121 டிகிரி சூட்டில் குறித்த நேரம்வரை வைக்கவேண்டும். ஐந்து நிமிஷம் முன்னதாக நிறுத்திவிட்டாலும் வெளியே இருந்து பார்க்கிறவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. அவர் சரியாகச் செய்தால் என்ன நடக்கும்? ஒன்றும் நடக்காது. சீழ் பிடிக்காது, காய்ச்சல் வராது, நோயாளி தையல் பிரித்து வீட்டுக்குப் போவார். டாக்டருக்கு நன்றி சொல்லுவார், நர்சுக்கு இனிப்பு கொடுப்பார். இப்படி ஒருவர் இருக்கிறார் என்றே அவருக்குத் தெரியாது. கொலோசெயர் 3:22-ல், யாராவது பார்க்கும்போது மட்டும் வேலை செய்வதைக் குறித்துப் பவுல் எழுதுவது இப்படிப்பட்ட இடத்தில்தான் உறைக்கிறது. இந்த மனிதருடைய வேலையைப் பார்க்கிற ஒரே எஜமான் கர்த்தர்.

யார் யாருக்குச் சொல்லுவது?

இங்கே நிதானிக்கவேண்டும். நம் நாட்டில் தோலைத் தொடுகிற வேலையையும் மலம் அள்ளுகிற வேலையையும் சில சாதியாருடைய தலையில் கட்டி, இதுவே உனக்குப் போதும் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்திருக்கிறார்கள். சொன்னவர்களில் கிறிஸ்தவர்களும் உண்டு. அந்தப் பேச்சுக்கும் மனரம்மியத்துக்கும் சம்பந்தமில்லை. பிலிப்பியருக்கு எழுதும்போது பவுல் தம்மைக் குறித்துப் பேசுகிறார். தீமோத்தேயுவுக்கு எழுதும்போது நாம் என்று தம்மையும் சேர்த்துக்கொள்ளுகிறார். பசித்தவனைப் பார்த்து நீ திருப்தியாயிரு என்று அவர் சொல்லவில்லை. யோவான் ஸ்நானகன் சம்பளம் போதுமென்றிருக்கச் சொன்னதும் யாரிடம்? ஏழைகளை மிரட்டிப் பணம் பறிக்கக்கூடிய போர்ச்சேவகரிடம் (லூக்கா 3:14). வேலைக்காரருக்குப் புத்தி சொன்ன கொலோசெயர் நிருபம், 4:1-ல் எஜமான்களைப் பார்த்து நியாயமானதைக் கொடுங்கள் என்று திரும்புகிறது. கூலி பிடித்தம்செய்யப்பட்டவனுடைய கூக்குரலைப் பற்றி யாக்கோபு 5:4 சொல்லுவது இன்னும் கடுமையானது. அடிமையாயிருந்தவனுக்கு விடுதலையாக வழி கிடைத்தால் அதைப் பயன்படுத்தச் சொல்லுகிறார் பவுல் (1 கொரிந்தியர் 7:21).

மிஷன் மருத்துவமனைகளில் சம்பளம் பெரும்பாலும் வெளியே கிடைப்பதைவிடக் குறைவு. வீட்டுக் கடனுக்காகவோ, தங்கையின் படிப்புக்காகவோ ஒரு நர்ஸ் வளைகுடா நாட்டுக்குப் போனால், போதுமென்கிற மனது இல்லாதவர் என்று தீர்ப்பு சொல்ல நமக்கு உரிமையில்லை. அதுபோலவே, தங்கள் காணிக்கை கட்டடத்துக்கும் கருவிக்கும் போகட்டும், சம்பளத்துக்கு வேண்டாம் என்று சிலர் விரும்புகிறார்கள். கல்வெட்டில் பெயர் பொறிக்கலாம். சம்பளப் பட்டியலில் பொறிக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் மேலே சொன்ன ஆட்டோகிளேவ்காரருக்கும் மாதக்கடைசி உண்டு.

உங்களுடைய வேலை

முதலில் சொன்ன கடிதத்துக்கு வருவோம். போதுமென்கிற மனது என்ற அந்தக் கிரேக்கச் சொல், பெயர்ச்சொல்லாகப் புதிய ஏற்பாட்டில் இரண்டே இடத்தில் வருகிறது. ஒன்று தீமோத்தேயுவில். மற்றது 2 கொரிந்தியர் 9:8-ல், எருசலேமிலிருந்த ஏழைகளுக்குக் காணிக்கை சேர்க்கிற அதிகாரத்தில். போதுமானது இருக்கிறது என்று அறிந்தவனுடைய கைதான் திறக்கும் என்பதைப் பவுல் அங்கே விளக்குகிறார். கை திறந்த பிலிப்பி சபையார் யார்? அப்போஸ்தலர் 16-ம் அதிகாரம் இரண்டு பேரை நமக்குக் காட்டுகிறது. ஒருத்தி தியத்தீரா ஊரைச் சேர்ந்த இரத்தாம்பர வியாபாரியாகிய லீதியாள். இரட்சிக்கப்பட்டபின் கடையை மூடினாள் என்று எழுதப்படவில்லை; வீட்டைத் திறந்தாள் என்று எழுதியிருக்கிறது. மற்றவன் சிறைச்சாலைக்காரன். நள்ளிரவில் பவுல் சீலாவின் காயங்களைக் கழுவி, வீட்டாரோடு ஞானஸ்நானம் பெற்றான். பொழுது விடிந்ததும் அதிகாரிகளின் உத்தரவைப் பவுலிடம் கொண்டுவந்து சொன்னவன் அவனே (16:36). அதே சிறை, அதே சாவி, அதே வேலை. பவுல் காவலில் இருந்தபோது வந்துசேர்ந்த காணிக்கையில் துணி விற்ற காசும், ஒரு காவலாளியின் கூலியும் கலந்திருந்திருக்கலாம்.

ஐக்கியக் கூட்டங்களில் இப்பகுதியைத் தியானிக்கிறவர்கள் பிலிப்பியர் 4:10-20-ஐயும் அப்போஸ்தலர் 16:11-40-ஐயும் ஒரே அமர்வில் வாசியுங்கள். கூடியிருக்கிற ஒவ்வொருவரும் அந்த வாரத்தில் தாங்கள் செய்த, யாரும் பார்க்காத ஒரு வேலையைச் சொல்லட்டும்; மற்றவர்கள் அதற்காகத் தேவனை ஸ்தோத்திரிக்கட்டும். இந்த மாதம் துணி வெளுக்கும் பகுதியில் உள்ளவர்களுக்காகவும், ரெக்கார்டு அறையில் பழைய சீட்டுகளைத் தேடுகிறவர்களுக்காகவும், இரவுக் காவலர்களுக்காகவும் பெயர் தெரியாவிட்டாலும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.