ஆர்தர் மன்னரும் மரக்கட்டையும்

ஆர்தர் மன்னரையும் அவருடைய வட்ட மேசை வீரர்களையும் நம் பிள்ளைகள் ஆங்கிலப் பாடப் புத்தகங்களில் சந்தித்திருப்பார்கள். கதைகள் இடைக்காலத்தவை. ஆனால் அவற்றுக்கான புகழ்பெற்ற படங்களில் பல, 19-ஆம் நூற்றாண்டில் மரக்கட்டையில் செதுக்கி அச்சிடப்பட்டவை. பழைய அச்சகங்களில் 'பிளாக்' என்ற சொல்லைக் கேட்டவர்களுக்கு இந்த முறை எளிதில் விளங்கும்.

நெடுக்கே அறுத்த பலகையில் செதுக்கினால் நார் தடுக்கும். நுண்ணிய கோடு வராது. நியூகாசிலைச் சேர்ந்த தாமஸ் பியூயிக் (1753-1828), பாக்ஸ் மரத்தைக் குறுக்கே வெட்டி, அந்த முகத்தில் கூரிய சிற்றுளியால் செதுக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். அந்த மரம் அதிகம் பருக்காது. பெரிய படத்துக்குப் பல துண்டுகளை இணைக்க வேண்டும். வெள்ளையாகத் தெரிய வேண்டிய இடத்தைக் குடைந்துவிடுவார்கள். மேடாக நிற்கும் கோடுகளில்தான் மை ஏறும். கட்டையின் உயரமும் அச்செழுத்தின் உயரமும் ஒன்றே என்பதால் படமும் பாட்டும் ஒரே பக்கத்தில், ஒரே அழுத்தில் அச்சாகும். செப்புத் தகட்டுப் படத்தை இப்படி எழுத்தோடு சேர்த்து அச்சிட இயலாது.

இதில் ஒரு சங்கடம் உண்டு. ஓவியர் கட்டையின் மேலேயே, இடவலம் மாற்றி வரைவார். செதுக்குபவரின் உளி பட்டதும் அந்த மூலச் சித்திரம் அழிந்துபோகும். சரியாக வரவில்லை என்றால் ஒப்பிட்டுப் பார்க்கவும் எதுவும் மிஞ்சாது!

1857-இல் லண்டன் பதிப்பாளர் எட்வர்ட் மாக்ஸன், டென்னிசனின் கவிதைகளை 54 படங்களுடன் வெளியிட்டார். ஐந்து படங்கள் ரோசெட்டி வரைந்தவை. பென்சில், மை, நீர்த்த வண்ணம் என்று எல்லாவற்றையும் அவர் கட்டையில் கலந்தார். சாயலை எப்படிக் கோடாக மாற்றுவது என்று டால்ஸியல் சகோதரர்களின் பட்டறை திண்டாடியது. ரோசெட்டியோ, படத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று குறைபட்டார். எனக்கென்னவோ செதுக்கியவர்கள் பக்கமே நியாயம் அதிகமாகத் தெரிகிறது.

அதே நூலில் 'ஷாலட் சீமாட்டி' கவிதைக்கு ஹோல்மன் ஹண்ட் வரைந்த படம் வேறொரு சர்ச்சையைக் கிளப்பியது. கண்ணாடியில் தெரியும் உலகை மட்டுமே பார்த்து நெசவு நெய்ய வேண்டும் என்ற சாபத்துக்கு ஆளான பெண் அவள். லான்ஸலாட் என்ற வீரனை நேராகப் பார்த்துவிடுகிறாள், சாபம் பலிக்கிறது. நூல் அவள் உடலைச் சுற்றிப் பின்ன, கூந்தல் புயலில் அகப்பட்டதுபோல் பறக்கிறது. கூந்தல் பறந்ததாக நான் எழுதவே இல்லையே என்று கேட்டாராம் டென்னிசன். உங்களுக்குப் பல பக்கங்கள், எனக்கோ அரைப் பக்கம் என்பது ஹண்டின் பதில். புத்தகத்தின் விலை 31 ஷில்லிங் 6 பென்ஸ்; விற்பனை மந்தம்.

பிறகு சித்திரத்தைப் புகைப்பட முறையில் கட்டைக்கு மாற்றும் வழி வந்தது, மூலம் பிழைத்தது. 1893-94-இல் பியர்ட்ஸ்லியின் ஆர்தர் கதைப் படங்கள் வெளிவந்தபோது, மரத்துக்குப் பதில் புகைப்பட முறையில் செய்த உலோகப் பிளாக்குகளே போதுமானதாயிருந்தன.

பழைய படங்கள் கிடைத்தால் கீழ் ஓரத்தைக் கவனியுங்கள். 'டால்ஸியல்' என்று பல படங்களில் இருக்கும். அது பட்டறையின் பெயர். உளி பிடித்த பணியாளரின் பெயர் அநேகமாக எங்கும் இராது.